பின்வாசலில் நின்ற அரசன்

டண்டீ நகரத்துப் பழைய படகுத்துறை அரங்கில் செத்துச் செத்தே சம்பாதித்துக்கொண்டிருந்தவன் நினியன் பர்டி. எந்த நாடகம் போட்டாலும் முதலில் சாகிற ஆள் பெரும்பாலும் அவன்தான். விஷம் குடிப்பான், கிணற்றில் விழுவான், சம்பந்தமே இல்லாமல் குறுக்கே வந்து குத்துப்படுவான். ஒருமுறை அவன் அம்மா ஆர்ப்ரோத்திலிருந்து பஸ் பிடித்து மகனின் நடிப்பைப் பார்க்க வந்தாள். தலையோடு குத்தியிருந்த ஊசியை உருவித் தொப்பியை மடியில் வைத்துவிட்டு நிமிர்வதற்குள் மகன் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்ச நாடகம் முழுவதும் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பாவம். "நல்லாத்தான் செத்தே" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். நினியனுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரே ஒரு தடவையாவது கதாநாயகனாக மேடையில் நின்றுவிட வேண்டும் என்ற ஆசை அன்றிலிருந்து அவனைப் பிடித்து ஆட்டியது.

அந்த வாரம் அவர்கள் நடித்துக்கொண்டிருந்தது அந்த நாடகம். எந்த நாடகம் என்று என்னைக் கேட்கக் கூடாது. நாடகக்காரர்கள் யாரும் அரங்கத்துக்குள் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் கேடு வரும் என்று பயம். நீங்கள் இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்களோ எனக்கென்ன தெரியும், அதனால் நானும் சொல்லப்போவதில்லை. மூன்று சூனியக்காரிகள் ஒரு தளபதியை வழிமறித்து 'நீ அரசனாவாய்' என்பார்கள். அவன் பெண்டாட்டி அவனைக் கிளப்பிவிடுவாள். வீட்டுக்கு விருந்தாளியாக வந்த கிழ அரசனை அவன் தூக்கத்திலேயே குத்திக் கொன்றுவிட்டுக் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வான். அப்புறம் அவனுக்குத் தூக்கமும் கிடையாது, நிம்மதியும் கிடையாது. கடைசியில் தலையும் கிடையாது. இவ்வளவு போதும், புரிந்திருக்கும்.

தப்பித்தவறி யாராவது பெயரைச் சொல்லிவிட்டால் அதற்குப் பரிகாரம் உண்டு. உடனே அரங்கத்தை விட்டு வெளியே போக வேண்டும். மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். எச்சில் துப்ப வேண்டும். வாயில் வரும் மகா கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர்கள் 'வா' என்று கூப்பிட்ட பிறகுதான் வர வேண்டும். சிரிக்காதீர்கள். காய்ச்சலுக்கு மருந்து குடிக்க மறுக்கும் நடிகர்கள்கூட இதில் ஒரு சுற்றைக் குறைத்துச் சுற்ற மாட்டார்கள்.

அந்தத் தளபதி வேஷம் கிராஃபர்ட் லெக்கிக்கு. தொண்டை என்றால் அது தொண்டை. டே நதியின் இந்தக் கரையில் அவர் இருமினால் அக்கரையில் மீன் பிடிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று டண்டீயில் பேச்சு. லெக்கிக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் அவர் வேஷத்தைக் கட்ட வேண்டிய மாற்று ஆள் நினியன். லெக்கிக்கு உடம்புக்கு ஒன்றும் வராது. நினியன் வருஷக்கணக்காக அவர் முகத்தை ஆசையோடு பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டான், ஒரு தும்மல்கூட வந்தபாடில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை, சூனியக்காரி வேஷம் போடுகிற மூன்று பெண்களும் ஒப்பனை அறையில் காலுறை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி எஃபி கௌ. ஒட்டுத் தாடியும் ஒட்டு மருவுமாக இருந்த அவள் நினியன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"குடிச்சு முடிச்சிட்டியா கண்ணு? கொண்டா, உன் அதிர்ஷ்டத்தைப் பார்ப்போம்."

தேநீர் மண்டியைப் பார்த்துக் குறி சொல்வது அந்த ஊரில் பெண்களுக்குப் பொழுதுபோக்கு. எஃபி கோப்பையைத் தட்டில் கவிழ்த்து, மூன்று முறை திருப்பி, உள்ளே உற்றுப் பார்த்தாள்.

"அடியே, இங்க வந்து பாருங்கடி. கிரீடம்!"

"ஆமாண்டி, கிரீடமேதான்" என்றாள் இரண்டாமவள் ஊசியை நிறுத்தாமலே.

"முள்ளு முள்ளா நிக்குது பாரு" என்றாள் மூன்றாமவள். அவள் கோப்பையைப் பார்க்கவே இல்லை.

"இந்த வாரம் முடியறதுக்குள்ள உன் தலையில கிரீடம் ஏறும் ராசா. அதுக்கு முன்னாடி காசு கொடுக்காம ஒரு தின்பண்டம் கைக்கு வரும். அதுதான் அடையாளம்."

மூன்று பேரும் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். நினியனும் சிரித்தான். ஆனால் அவன் காது சிவந்துபோனதை எஃபி பார்த்திருந்தால் அதோடு நிறுத்தியிருப்பாள். வீட்டுக்குப் போகிற வழியில் ரொட்டிக் கடைக்காரி கடையை மூடிக்கொண்டிருந்தாள். "பர்டி ஐயா, இந்தக் கறி பிரைடி ஓரம் உடைஞ்சு போச்சு, யாரும் வாங்க மாட்டாங்க, நீங்க எடுத்துக்கங்க" என்று, கறி அடைத்துச் சுட்ட அந்தப் பண்டத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். காசு கொடுக்காமல் ஒரு தின்பண்டம்! அவன் அதைத் தின்னக்கூட இல்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

அவன் மனைவி இஷ்பெல் அதே அரங்கில் உடுப்புத் தைக்கிறவள். பாதிரியார் மகள். அவள் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை, கையில் ஊசி ஏறினால்கூட 'அடடா' என்பாள். மேசை மேல் இருந்த பிரைடியையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தானா வரும்னு உக்காந்திருந்தா, அந்த லெக்கி நம்ம ரெண்டு பேர் சாவுக்கும் வந்து பாட்டுப் பாடிட்டுப் போவார்" என்றாள்.

"அதுக்காக மனுஷனை என்ன பண்ண முடியும் இஷ்பெல்? பச்சை ரத்தம் பார்க்கவே எனக்கு ஆகாது."

"சீ, எங்க அப்பா கல்லறையில எழுந்து உக்காந்துடுவார். யாரையும் தொட வேணாம். அவர் தானா வெளிய போனா போதாதா?"

"அவர் ஏன் போறார்?"

இஷ்பெல் பிரைடியை இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கணவன் தட்டில் வைத்தாள். "பேரைச் சொன்னா போய்த்தானே ஆகணும்?"

நினியன் வாயில் வைத்த கறி வாயிலேயே இருந்தது. இத்தனை வருஷம் இந்தப் பெண்ணோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம், இவளை நமக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தான். கொஞ்சம் பயமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

வியாழக்கிழமை நல்ல மழை. திரை தூக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பின்வாசல் பக்கத்துத் தொலைபேசி அலறியது. காவலாள் டாட் எடுத்துக் கேட்டுவிட்டு, "லெக்கி ஐயா, உங்களுக்குத்தான். கிளாஸ்கோ பத்திரிகையாம்" என்றார்.

பத்திரிகை என்றதும் லெக்கி பாதி மீசையோடு ஓடி வந்தார். அவருடைய இறகுத் தொப்பியை நினியன் மரியாதையாக வாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். தெருமுனைத் தொலைபேசிக் கூண்டில் நின்றிருந்த இஷ்பெல், மூக்கைப் பிடித்துக்கொண்டு, கிளாஸ்கோ பெண்மணி மாதிரி பேசினாள். லெக்கியின் குரலைப் பற்றி, உயரத்தைப் பற்றி, கெண்டைக்காலைப் பற்றிக்கூட நாலு வார்த்தை புகழ்ந்தாள்.

"ரொம்ப நன்றிம்மா, ரொம்ப நன்றி. ஆமாம்மா, முன்னூறு தடவைக்கு மேல நடிச்சாச்சு. படமா? ஓ, தாராளமா. என்ன? படத்துக்குக் கீழ நாடகத்தோட பேரு போடணுமா? தெரியாதாம்மா உங்களுக்கு? சரியா எழுதிக்கோங்க" என்றவர், தம் புகழ்பெற்ற தொண்டையைத் திறந்து, ஒவ்வோர் எழுத்தும் கூரையில் போய் முட்டும்படி, அந்தப் பெயரைச் சொன்னார்.

அரங்கமே உறைந்துபோனது. யாரோ கையிலிருந்த பவுடர் டப்பாவைக் கீழே போட்டார்கள். லெக்கியின் முகம் அரிதாரத்துக்குக் கீழே வெளுத்ததை நினியன் அருகிலிருந்து பார்த்தான்.

"ஐயோ, என் வாய்!" என்றார் லெக்கி.

"வெளிய, வெளிய! சீக்கிரம் சுத்திட்டு வாங்க!" என்று கத்தினாள் மேடை நிர்வாகி மிஸ் டாஷ். நெட்டையான, எப்போதும் கடிகாரத்தோடு சண்டை போடுகிற பெண். எல்லாரும் சேர்ந்து லெக்கியைப் பின்வாசல் வழியாகச் சந்துக்குள் தள்ளினார்கள். அவரும் ஒரு பேச்சில்லாமல் மழையில் இறங்கினார். மற்றவர்கள் அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். முன்வாசல் வழியாக அதற்குள் திரும்பி வந்திருந்த இஷ்பெல், "டாட், மாடியில ஒரு பெட்டி நகரவே மாட்டேங்குது, ஒரு கை கொடுங்களேன்" என்று காவலாளைக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற போக்கில் நினியனைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டது நினியன்தான். ரொம்ப வழுக்கலான தாழ்ப்பாள், சத்தமே போடவில்லை.

லெக்கி தட்டாமலா இருந்திருப்பார்? தட்டினார், இடித்தார், உதைத்தார். ஆனால் அந்த நாடகம் ஆரம்பிப்பதே இடியோடு. மேடைக்குப் பக்கத்தில் தொங்கும் பெரிய தகரத்தை இரண்டு பேர் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு இடிச் சத்தம் வழக்கத்தைவிட நன்றாக இருக்கிறதே என்று மிஸ் டாஷ் மெச்சிக்கொண்டாளாம்.

"லெக்கி எங்கே?" என்றாள் அவள் கொஞ்ச நேரம் கழித்து.

"வரலையே. அவருக்கு மனசு சரியில்லையோ என்னமோ" என்றான் நினியன். அவன் கையில் இறகுத் தொப்பி தயாராக இருந்தது.

இப்படியாக நினியன் பர்டி தளபதியாக மேடை ஏறினான். அவன் வழக்கமாகச் செய்யும் மூன்றாவது கொலைகாரன் வேஷத்துக்கு ஆள் இல்லாததால், அன்று இரண்டு கொலைகாரர்களே வேலையை முடித்தார்கள். யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. அது மட்டும் நினியனுக்குச் சற்று வருத்தம். மற்றபடி ஆனந்தம்தான். வசனம் ஒவ்வொன்றும் கூப்பிடாமலே வந்தது. நடு அங்கத்தில் தகரக் கிரீடம் தலையில் ஏறியபோது அது பெரிதாக இருந்தது, காதில் வந்து உட்கார்ந்தது. இருந்தாலும் அவன் தலையை இன்னும் நிமிர்த்திக்கொண்டான். எஃபி சொன்னாளே, விதியில் எழுதியிருக்கிறது, நான் வெறும் தாழ்ப்பாளைத்தானே போட்டேன் என்று நினைத்துக்கொண்டான்.

சந்திலிருந்த லெக்கி மழையில் அரை வட்டம் சுற்றி முன்வாசலுக்குப் போயிருக்கிறார். அங்கே சீட்டுக் கிழிக்கிற பீட்டி அம்மாள் வாழ்நாளில் நாடகம் பார்த்தவள் இல்லை. "சீட்டு?" என்றாளாம். "அம்மா, நான்தான் கதாநாயகன்" என்றாராம் லெக்கி. "கதாநாயகன் உள்ள நடிச்சிக்கிட்டிருக்கார். பாதி மீசை ஒட்டிக்கிட்டு வந்தா விட்டுடுவோமா? ஹவுஸ்ஃபுல், போய்யா" என்றாளாம். அவர் தொண்டை கிழியக் கத்தினார். உண்மையாகவே கிழிந்தது. கடைசியில் அவள் தேநீர் எடுக்கத் திரும்பிய சமயம் பார்த்து உள்ளே நழுவி, பக்கத்துக் கதவு வழியாக மேடைக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிட்டார்.

அப்போது விருந்துக் காட்சி நடந்துகொண்டிருந்தது. புது அரசன் எல்லாருக்கும் விருந்து வைப்பான். அவன் ஆள் வைத்துக் கொன்ற நண்பனின் ஆவி வந்து காலி நாற்காலியில் உட்காரும். ஆவிக்கு ஒரு வசனமும் கிடையாது, பார்க்க மட்டும் செய்யும். நினியன் கோப்பையை உயர்த்திக்கொண்டு திரும்பினான். வழக்கமான ஆவிக்குப் பதில் நாற்காலியில் லெக்கி உட்கார்ந்திருந்தார்.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாதி மீசை தாடைக்கு வந்திருந்தது. கண் மட்டும் நினியன் மேலேயே இருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நினியன் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் லெக்கி பழைய மரபில் ஊறிய நடிகர், ஆவிக்கு வசனம் இல்லையென்றால் இல்லைதான். மெல்லத் தலையை மட்டும் ஆட்டினார்.

நினியன் கையிலிருந்து கோப்பை உருண்டது. அவன் அலறிய அலறலில் மாடத்தில் இருந்த ஒரு பெண் கூடவே அலறினாள். நாக்குக் குழற, அவன் பின்வாங்கிப் பின்வாங்கித் தன் அரசி மேலேயே போய் மோதினான். அந்த அரங்கம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு நடிப்பை யாரும் பார்த்ததில்லை. இடைவேளைத் திரை விழுந்தபோது ஜனங்கள் தரையை உதைத்து ஆரவாரம் செய்தார்கள்.

திரைக்குப் பின்னால் லெக்கி எழுந்து நினியனிடம் வந்தார். வாங்கிக்கொள்ள வேண்டிய அறையை நினைத்து நினியன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நீ இல்லைன்னா இன்னைக்கு மானம் போயிருக்கும்ப்பா" என்றார் லெக்கி. குரல் துருத்தியில் ஓட்டை விழுந்தாற்போல் இருந்தது. "ஈரத்துல கதவு இறுகிடுச்சு போலிருக்கு. யாரையும் குறை சொல்ல மாட்டேன். நானே பேரைச் சொன்னேன், நானே பட்டேன். எனக்குக் குரல் போயிடுச்சு. மீதியையும் நீயே பண்ணு. நாளைக்கும் நீதான், சனிக்கிழமையும் நீதான். இந்த வேஷத்தை நான் இனிமே தொட மாட்டேன், தொட்டா செத்துடுவேன். பயமா இருக்கு நினியன்."

அவர் நினியன் தலையிலிருந்த கிரீடத்தைக் காதிலிருந்து தூக்கி நேராக வைத்தார். ஒரு கைக்குட்டையை மடித்து உள்ளே செருகி, "இப்ப ஆடாது" என்றார். அறை வாங்கியிருந்தால் நினியனுக்கு இதில் கால்வாசிகூட வலித்திருக்காது.

அவன் நேராக ஒப்பனை அறைக்கு ஓடினான். "எஃபி, நீ சொன்னது பலிச்சிடுச்சு. விதிதானே இது? கோப்பையில அப்படித்தானே இருந்துச்சு?"

"என்னது பலிச்சுது?" என்றாள் எஃபி.

"கிரீடம்! செவ்வாய்க்கிழமை என் கோப்பையில பார்த்தியே!"

எஃபி மற்ற இருவரையும் பார்த்தாள். மூன்று பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். "அட மக்கு ராசா! நீ அன்னைக்குக் குடிச்சது கோகோ. அதுல எங்கே தேயிலை? அடியில ஒட்டியிருந்ததைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

விதி என்று ஒன்று எழுதவே இல்லை. எழுதியது அவனும் அவன் பெண்டாட்டியும். லெக்கி பெயரைச் சொன்னது உண்மை, ஆனால் சொல்ல வைத்த வாய் யாருடையது? அவர் தம் பங்குப் பரிகாரத்தை ஒழுங்காகச் செய்துவிட்டார், 'வா' என்று கூப்பிட விடாமல் தடுத்தது இவன் போட்ட தாழ்ப்பாள். அப்படியானால் அந்தப் பீடை இப்போது யார் தலையில் உட்கார்ந்திருக்கிறது? நினியன் தலையைத் தொட்டுப் பார்த்தான். கிரீடம் ஆடாமல் இருந்தது. வேறு தொழில் செய்கிறவன் தேவாலயத்துக்குப் போயிருப்பான், அல்லது சாராயக் கடைக்கு. நினியன் நாடகக்காரன். தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு கிரீடமும் அங்கியுமாக மழையில் இறங்கினான். மூன்று சுற்றுச் சுற்றினான். துப்பினான். கப்பல்துறைக்காரர்களே காதைப் பொத்திக்கொள்ளும்படி ஒரு வார்த்தை சொன்னான். பிறகு கதவைத் தட்டினான்.

அதற்குள் கதவுக்குப் பக்கத்தில் டாட்டின் நாற்காலிக்கு வந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் லெக்கி.

"யாரது?" என்றது ஓட்டைத் துருத்தி.

"நான்தான். நினியன். உள்ள வரலாமா?"

"நீ எதுக்குப்பா வெளிய போனே? பேரைச் சொன்னது நானாச்சே."

மழை கிரீடத்தில் பட்டுத் தட்தட்டென்று விழுந்தது. உள்ளே லெக்கி தாழ்ப்பாளை மெல்லப் போட்டு எடுத்துப் பார்ப்பது கதவின் அசைவில் தெரிந்தது. அது எவ்வளவு சுலபமாக வழுக்கி ஓடுகிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஈரத்தில் இறுகும் கதவு அல்ல அது.

"சுத்துனியா?"

"சுத்தினேன் ஐயா."

"எதுக்கு?"

"நான்தான் உங்களைச் சொல்ல வச்சேன். நான்தான் தாழ்ப்பாள் போட்டேன். போன்ல பேசினதும் நான்தான். எல்லாம் நானே பண்ணினது. வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து லெக்கி சொன்னார்: "போன்ல அந்தம்மா என் கெண்டைக்காலைப் புகழ்ந்தப்போ நீ என் பக்கத்துல நின்னு தொப்பி பிடிச்சிக்கிட்டிருந்தே. ஒரே சமயத்துல ரெண்டு இடத்துல நிக்க லண்டன் நடிகனாலயும் முடியாது தம்பி."

இடைவேளை முடிகிற மணி அடித்தது. கதவு திறந்தது. திறந்தது லெக்கி அல்ல, இஷ்பெல். அவள் எத்தனை நேரமாக அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாளோ, முகம் ஜிவுஜிவு என்று இருந்தது. யாரையும் பார்க்காமல் மழையில் இறங்கினாள். புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. நாசூக்காகத் துப்பினாள். பிறகு அவள் வாயைத் திறந்து சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது. நினியன் சொன்னது அதன் பக்கத்தில் தாலாட்டு. அப்படி ஒரு வார்த்தை இருப்பது டாட்டுக்கே தெரியாதாம்.

வாசற்படியில் நின்ற லெக்கிக்கு முதலில் வாய் பிளந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. குரலே இல்லாத சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"தப்புப் பண்ணிட்டோம் ஐயா" என்றாள் இஷ்பெல் நனைந்தபடி. "இவருக்கு ஒரு தடவை... ஒரே ஒரு தடவை..."

"லெக்கி! நினியன்! யாராவது ஒரு ராஜாவை அனுப்புங்க, திரை தூக்கியாச்சு!" என்று மிஸ் டாஷ் உள்ளேயிருந்து கத்தினாள்.

நினியன் கிரீடத்தைக் கழற்றி இரண்டு கையாலும் லெக்கியிடம் நீட்டினான். நீட்டும்போது அழுகை வந்துவிட்டது. லெக்கி அதை வாங்கி, உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டி, நனைந்த கைக்குட்டையைப் பிழிந்து மறுபடி செருகினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நினியன் தலையிலேயே வைத்து, காது மடங்கும்படி அழுத்தினார்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார். "குரல் இல்லாம நான் போய் என்னத்தைப் பேச? ஆனா ஒண்ணு. நாளையிலேருந்து நான்தான். பீடை என் மேல இல்லைன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு."

"சரி ஐயா."

"போ, ஓடு. எல்லாரும் உன்னை விட்டுட்டு ஓடற காட்சிதான் அடுத்தது. கடைசியில உன் தலையை வெட்டிக் கம்புல குத்திக் கொண்டு வருவாங்க. இவ்வளவு நாளா நடிச்சிருக்கேன், அதை ஒரு தடவைகூட முன்னாடி உக்காந்து பார்த்ததில்ல." போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் முன்பக்கம் நடந்தார். "பீட்டி அம்மா கேட்டா எனக்கு ஒரு சீட்டு வாங்கிக் கொடு இஷ்பெல். முதல் வரிசையில."